பேரேடும் முகவரும்: செயற்கை நுண்ணறிவை ஏற்கச் செட்டிநாட்டுச் சிறுதொழில்களை ஆயத்தப்படுத்துதல்

ஆய்வுச் சுருக்கம்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஏற்பதற்கு முன் ஒரு தொழில் நிறுவனம் தன்னை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் செட்டிநாட்டுப் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது. கருவியை வாங்குவது ஒரு முடிவு. முடிவெடுக்கும் பொறுப்பின் ஒரு பகுதியைத் தன் கண்ணுக்கு எட்டாத ஒன்றிடம் ஒப்படைப்பது வேறொரு முடிவு. இரண்டாவது முடிவை நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் முகவர் முறையின் வழியாக முன்னரே எதிர்கொண்டுள்ளனர். அம்முறையின் கூறுகளான பதிவு, படிநிலைப் பயிற்சி, எல்லை வகுத்த அதிகாரம், ஒப்படைப்பு ஆகியவை இன்றைய ஆயத்தத்திற்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதும், கீழைப் பர்மாவில் அம்முறை எந்த இடத்தில் போதாமற்போனது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, சிறுதொழில், செட்டிநாடு, நகரத்தார், முகவர் முறை, பேரேடு, தரவு.

முன்னுரை

சிவகங்கை மாவட்டம் காரைக்குடிப் பகுதியிலுள்ள கொத்தமங்கலம், நகரத்தாரின் 70க்கும் மேற்பட்ட ஊர்களுள் ஒன்று. இவ்வூர்களின் பெருவீடுகள் பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் ஈட்டிய பொருளால் எழுந்தவை. முதலாளி ஊரில் இருக்க, தொழில் கடலுக்கு அப்பால் நடந்தது. இடையில் இருந்தவை கணக்கேடும் கடிதமும் முகவரும் மட்டுமே.

இன்று இவ்வட்டாரத்தின் தொழில்கள் வேறு. ஆத்தங்குடித் தளக்கற்கள் செய்யும் பட்டறைகள், 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நெசவு, கொட்டான் முடைதல், பலகாரத் தயாரிப்பு, பழம்பொருள் வணிகம், விடுதிகளாக மாறிய பெருவீடுகள் எனச் சிறு நிறுவனங்களே மிகுதி. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரையறையின்படி முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாதவை குறுந்தொழில்கள் ஆகும். செட்டிநாட்டுத் தொழில்களைப் பற்றிய எந்த விவாதமும் இவ்வகை நிறுவனங்களையே முதன்மையாகக் கருத வேண்டியுள்ளது.

இத்தகைய நிறுவனங்களுக்கும் செயற்கை நுண்ணறிவு எட்டும் தொலைவில் வந்துவிட்டது. வாடிக்கையாளரின் வினாவிற்கு விடையெழுதவும், வடிவங்களை வரையவும், விலைமதிப்பீடு தயாரிக்கவும் கைப்பேசியே போதுமானதாக உள்ளது. கருவி எளிதில் கிடைப்பதனாலேயே ஆயத்தம் தேவையற்றது என்னும் எண்ணம் உருவாகிறது. அவ்வெண்ணம் பிழையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆயத்தம் ஏன் தேவை

புதிய தொழில்நுட்பம் பரவுவதற்கும் அதனால் பயன் விளைவதற்கும் இடையே நீண்ட இடைவெளி உண்டு. பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில் மின்னாக்கியையும் கணினியையும் ஒப்பிட்டு இதனை விளக்கினார். அமெரிக்கத் தொழிற்சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மின்சாரத்தை அறிந்திருந்தன. ஆனால் தொடக்கத்தில் நீராவி இயந்திரம் நின்ற இடத்தில் மின் இயந்திரத்தை நிறுத்தி, பழைய அச்சுத்தண்டுகளையும் வார்ப்பட்டைகளையும் அப்படியே சுழற்றின. ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி மோட்டார் பொருத்தி, வேலை நகரும் வரிசைக்கேற்பத் தளத்தையே மாற்றியமைத்த பின்னரே, 1920களில், உற்பத்தித்திறன் குறிப்பிடத்தக்க வகையில் உயர்ந்தது.

இவ்வரலாறு சிறுதொழிலுக்கும் பொருந்தும். கேட்பாணைகள் ஒருவர் நினைவிலும், அளவுகள் ஒரு துண்டுத்தாளிலும், விலை வாட்ஸ்அப் உரையாடலிலும் சிதறிக் கிடக்கும் பட்டறையில் செயற்கை நுண்ணறிவைப் பொருத்துவது, பழைய அச்சுத்தண்டில் புதிய மோட்டாரைக் கட்டுவதற்கு ஒப்பானது. கருவி இயங்கும், ஆனால் எதைக் கொண்டு கணிக்க வேண்டுமோ அது அதன் கைக்கு எட்டாது.

மின் மோட்டாருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடும் உண்டு. மோட்டார் சுழல்வதோடு நிற்கும். செயற்கை நுண்ணறிவோ விடை சொல்கிறது, மதிப்பிடுகிறது, முதலாளியின் பெயரால் பிறரிடம் பேசுகிறது. எனவே இதனை இயந்திரத்தோடு ஒப்பிடுவதைவிட முகவரோடு ஒப்பிடுவதே பொருத்தம். முகவரை நியமிக்கும் கலையில் செட்டிநாட்டிற்கு நெடிய பட்டறிவு உண்டு.

2. பதிவு: முகவருக்கு முன் பேரேடு

நகரத்தார் வணிகத்தைப் பற்றிய விரிவான ஆய்வுகளுள் டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல் முதன்மையானது. சாதி அமைப்பே வங்கி அமைப்பாகவும் செயல்பட்டதை அது எடுத்துக்காட்டுகிறது. அவ்வமைப்பின் அன்றாட இயக்கத்திற்கு ஆதாரமாக நின்றது கணக்கெழுத்து. அன்றைய நடவடிக்கைகள் குறிப்பேட்டில் நாள்வழியாக எழுதப்பட்டன. அங்கிருந்து ஆள்வாரியாகப் பற்றும் வரவும் பேரேட்டிற்கு ஏற்றப்பட்டன. பேரேட்டின் நிலுவைகள் ஐந்தொகையாகத் திரட்டப்பட்டன. மலாயாவில் எழுதப்பட்ட கணக்கைச் செட்டிநாட்டில் இருந்த முதலாளி படித்துப் புரிந்துகொள்ள முடிந்ததற்குக் காரணம், எழுதும் முறை எங்கும் ஒன்றாக இருந்தமையே.

இதனை இன்றைய மொழியில் தரவு ஒழுங்கு எனலாம். ஒரே பொருளுக்கு ஒரே பெயர், ஒரே அளவுக்கு ஒரே அலகு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு நாள் என்பன அதன் குறைந்தபட்சத் தேவைகள். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், பதிவுபெற்ற நிறுவனங்களின் விற்பனைச் சீட்டுகள் கணினிவழிப் பதிவுக்குள் வந்துவிட்டன. ஆயின் விற்பனைச் சீட்டு தொழிலின் முடிவை மட்டுமே சொல்லும். அம்முடிவுக்குக் காரணமான செய்முறையைச் சொல்லாது.

ஆத்தங்குடித் தளக்கல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறமேற்றிய சிமெண்டுக் குழம்பை அறைகளில் ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி, உலரவைத்து, பின்னர் நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகின்றனர். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகப்பாகிறது. எந்த மணல், எந்த விகிதம், எத்தனை நாள் ஊறல், எந்தப் பருவத்தில் உடைவு மிகுதி, எந்த நிறம் வெளுக்கிறது என்பன கைவினைஞரின் கையறிவாக உள்ளன. இவை எழுதப்படாத வரையில் எந்தக் கருவியும் அப்பட்டறையின் உடைவையோ காலத்தாழ்ச்சியையோ கணிக்க இயலாது. பொதுவான சிமெண்டுத் தளக்கல்லைப் பற்றிய பொதுவான விடையையே அது தரும்.

ஆகவே முதல் ஆயத்தம், செய்முறைக்கு ஒரு குறிப்பேடு தொடங்குவது. கணினி இல்லாமலே அதனைத் தொடங்கலாம். நாள், கல்லின் வகை, எண்ணிக்கை, கலவை, ஊறிய நாள்கள், உடைந்தவை என்னும் ஆறு கட்டங்கள் கொண்ட ஏடு ஓராண்டு ஒழுங்காக எழுதப்பட்டால், அனைத்துப் பருவங்களையும் உள்ளடக்கிய தரவு கிடைத்துவிடும். அவ்வறிவைத் தருபவர் கைவினைஞர் என்பதால், பதிவினால் விளையும் பயனில் அவருக்குரிய பங்கு யாது என்பதும் தொடக்கத்திலேயே பேசித் தீர்க்கப்பட வேண்டும். தம் கையறிவை எழுதிக் கொடுத்தபின் தமக்கு வேலை இராது என்னும் அச்சம் உள்ள இடத்தில் ஏடு உண்மையாக எழுதப்படாது.

3. பயிற்சி: பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

நகரத்தார் கடையில் இளைஞர் ஒருவர் நேரடியாக முகவர் ஆவதில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பணப்பெட்டி அருகிலிருந்து எண்ணவும் எழுதவும் கற்று, அடுத்தாளாக உயர்ந்து, நம்பிக்கை பெற்ற பின்னரே மேலாள் ஆனார். ஒவ்வொரு படியிலும் பிழையினால் விளையக்கூடிய இழப்பின் அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. பெட்டியடியின் பிழையை அன்று மாலைக் கணக்கிலேயே காணலாம்; மேலாளின் பிழை கடையையே பாதிக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் இப்படிநிலை வேண்டும். முதற்படியில் அது வரைவு மட்டும் எழுத, மனிதர் திருத்தி அனுப்பலாம். பழைய கேட்பாணைகளைக் கொடுத்து, அதன் மதிப்பீட்டை உண்மையில் நிகழ்ந்ததோடு ஒப்பிடலாம். சில மாதங்களின் ஒப்பீடு நிறைவளித்த பின்னரே, இழப்பு சிறிதாயுள்ள பணிகளில் அதனைத் தனித்து இயங்கவிட வேண்டும். தொடக்க நாளிலேயே கருவியை மேலாள் இருக்கையில் அமர்த்துவது முறையன்று.

தமிழில் இப்பயிற்சிக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பெருமொழி மாதிரிகள் பயின்ற உரைகளில் ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழின் பங்கு மிகக் குறைவு. அதிலும் வட்டார வழக்கு இன்னும் குறைவு. முகப்பு, வளவு, பட்டாசாலை, இரண்டாங்கட்டு முதலிய செட்டிநாட்டு வீட்டுச் சொற்களை ஒரு கருவி தவறாகப் பெயர்த்தால், விடுதிக்கு வரும் விருந்தினருக்குத் தவறான செய்தி சென்றுசேரும். 2022இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் பாஷினித் திட்டம் இந்திய மொழிகளுக்கான பேச்சு, மொழிபெயர்ப்பு வசதிகளை வழங்குகிறது. எக்கருவியாயினும், தொழிலின் சொற்களைத் தொகுத்த சிறு அகராதி ஒன்றை முதலில் உருவாக்கி, அதைக் கொண்டு கருவியின் விடைகளைச் சோதிப்பது நன்று.

கண்டாங்கிச் சேலைக்கு இச்சோதனை மேலும் இன்றியமையாதது. இணையத்தில் கண்டாங்கி எனப் பெயரிட்டுக் கிடக்கும் படங்கள் அனைத்தும் கைத்தறியில் நெய்யப்பட்டவை எனக் கொள்ள முடியாது. அவற்றைப் பயின்ற கருவி வரையும் வடிவத்தைத் தறியில் ஏற்றாமலே விற்பனைப் படமாக வெளியிட்டால், வாங்குவோர் ஏமாறுவர். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் காக்க முனையும் நம்பகத்தன்மையும் குலையும்.

4. அதிகாரத்தின் எல்லை

வெளிநாட்டுக் கடைக்குச் சென்ற முகவர் எழுத்துவழி நியமனத்தோடும் அதிகாரப் பத்திரத்தோடும் சென்றார். பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. ஊதியம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டது. அவர் முதலாளியின் விலாசத்தில், அதாவது அக்குடும்பத்தின் முன்னெழுத்துகளால் அமைந்த நிறுவனப் பெயரில், கடன் கொடுத்தார், வைப்பு வாங்கினார். அவர் சொல் முதலாளியைக் கட்டுப்படுத்தும் என்பதனாலேயே அவருடைய அதிகாரம் எழுதி வரையறுக்கப்பட்டது.

இக்கோட்பாடு செயற்கை நுண்ணறிவுக்கும் பொருந்தும் என்பதை அண்மைத் தீர்ப்பொன்று காட்டுகிறது. ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்திலிருந்த உரையாடற் கருவி, துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை குறித்துப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. கருவியின் கூற்றுக்குத் தான் பொறுப்பாக முடியாது என்னும் நிறுவனத்தின் வாதத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணக் குடிமைத் தீர்வுத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை. இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அத்தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் அடிப்படை நகரத்தார் முதலாளிக்குப் புதிதாகத் தோன்றியிராது: தன் விலாசத்தில் பேசியவரின் சொல்லுக்குத் தானே பொறுப்பு.

ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் கருவிக்கு ஓர் அதிகாரப் பத்திரம் எழுத வேண்டும். ஒரு பக்க அளவில், கருவி எவற்றைச் சொல்லலாம், எவற்றைச் சொல்லலாகாது, எவ்விடத்தில் மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும், அம்மனிதர் யார் என்பன அதில் இடம்பெற வேண்டும். தளக்கல்லின் அளவையும் நிற வகைகளையும் கருவி சொல்லலாம். தள்ளுபடியையும் ஒப்படைக்கும் நாளையும் அது உறுதியளித்தலாகாது என்பது போன்ற வரையறைகள் போதுமானவை.

5. தணிக்கையும் ஒப்படைப்பும்

முகவர் ஊருக்குக் கணக்கு அனுப்பினார். பணிக்காலம் முடிந்ததும் அடுத்து வந்தவரிடம் கடன்களையும் நிலுவைகளையும் ஏடுகளையும் ஒப்படைத்து ஊர் திரும்பினார். இவ்வொப்படைப்பு இருவகையில் பயன் தந்தது. முந்தையவரின் வாராக் கடன்கள் புதியவரின் பார்வைக்கு வந்தன. தொழில் எந்த ஒருவரையும் நம்பி நிற்கவில்லை.

இன்றைய ஆயத்தத்தில் பெரிதும் புறக்கணிக்கப்படுவது இதுவே. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல், உரையாடல்கள், விலைவரலாறு ஆகியன ஒரே சேவையாளரின் தளத்தில் தங்கிவிட்டால், கட்டணம் உயரும்போதோ சேவை நிற்கும்போதோ வெளியேற வழியிராது. தரவைப் பொதுவான வடிவில் திரும்பப் பெற முடியுமா, பெற்றபின் அங்குள்ள படி அழிக்கப்படுமா என்னும் இரு வினாக்களையும் ஒப்பந்தத்திற்கு முன்னரே கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை குறிப்பிட்ட எண்ணிக்கையிலான விடைகளை எடுத்து மனிதர் சரிபார்த்துப் பிழைகளை ஓர் ஏட்டில் எழுதிவருவது தணிக்கைக்குப் போதிய தொடக்கமாகும்.

6. பேரேடு காட்டாதது: கீழைப் பர்மாவின் பாடம்

இம்முறையின் சிறப்பைக் கூறுவதோடு நின்றால் ஆய்வு நிறைவு பெறாது. 1929-30ஆம் ஆண்டுப் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. இரங்கூன் மொகல் தெருவிலிருந்த கோயிலில் கூடி வட்டி வீதத்தை வகுக்கும் அளவுக்கு அவர்களிடையே ஒருங்கிணைப்பு இருந்தது. கடன்களின் பெரும்பகுதி நெல்லையும் நெல் விளையும் நிலத்தையும் சார்ந்திருந்தது.

உலகப் பெருமந்தத்தில் நெல்விலை வெகுவாகச் சரிந்தது. கடனாளர்களால் வட்டியும் செலுத்த இயலவில்லை. அடைமான நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழைப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938 அளவில் ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. விரும்பி வாங்கிய நிலமன்று அது. திரும்பாத பணத்தின் மறுவடிவம். நிலமிழந்த பர்மிய உழவரின் சினமும் அதனோடு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் 1948இல் வந்த நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டமும் அவ்வுடைமைக்கு முடிவு கட்டின.

இங்கே கணக்குத் தவறவில்லை. ஒவ்வொரு கடையின் ஐந்தொகையும் அக்கடையளவில் ஒழுங்காகவே இருந்திருக்கலாம். ஆனால் எல்லாக் கடைகளும் ஒரே விளைபொருளின் விலையை நம்பியிருந்தன என்பதைத் தனியொரு பேரேடு காட்டாது. சென்ற காலத்தின் விலையைக் கொண்டு மதிப்பிட்ட அடைமானம், அவ்விலை மாறிய நாளில் அடைமானமாக நிற்கவில்லை.

செயற்கை நுண்ணறிவின் கணிப்பும் சென்ற காலத்தின் பதிவிலிருந்தே எழுகிறது. அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் வழிமுறைக் கணிப்பின் துணையோடு வீடுகளை வாங்கி விற்கும் பிரிவை நடத்தியது. விலைப்போக்கைக் கணிக்க இயலாமையால் 2021 நவம்பரில் அப்பிரிவை மூடுவதாக அறிவித்தது. செட்டிநாட்டு விடுதி ஒன்று கடந்த பருவங்களின் வருகையைக் கொண்டு கட்டணத்தைக் கருவியிடம் விட்டாலும் இதே இடர் உண்டு. அண்டை விடுதிகளும் அதே கருவியைப் பயன்படுத்தினால் அனைவரும் ஒரே நாளில் ஒரே பிழையைச் செய்வர். எனவே கணிப்பு பொய்த்தால் தாங்கக்கூடிய இழப்பு எவ்வளவு என்பதை முதலாளியே முன்கூட்டி வகுத்து எழுதிவைக்க வேண்டும். அவ்வளவைக் கருவி வகுக்க இயலாது.

இப்பாடத்தின் மறுபக்கம், முடிவினால் பாதிக்கப்படுவோரைப் பற்றியது. பர்மிய உழவர் பேரேட்டில் ஒரு பெயராகவும் நிலுவையாகவும் மட்டுமே இருந்தார். நெசவாளரின் கூலியையோ கைவினைஞரின் வேலைநாளையோ கருவியின் மதிப்பீட்டால் தீர்மானிக்கும் நிறுவனம், அவர்கள் அதனை மறுத்துப் பேசவும் காரணம் கேட்கவும் ஒரு வழியை வைத்திருக்க வேண்டும்.

7. சட்டமும் துணைநிற்கும் நிறுவனங்களும்

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவரின் தரவை எதற்காகப் பெறுகிறோம் என்பதை அவருக்கு அறிவித்து இசைவு பெற வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழியிலோ பெறும் வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும். எனவே தமிழில் தெளிவான இசைவு வாசகம் எழுதுவதும் ஆயத்தத்தின் பகுதியே. விருந்தினரின் அடையாள ஆவணப் படியையோ வாடிக்கையாளரின் முகவரிப் பட்டியலையோ பொதுக் கருவியொன்றில் பதிவேற்றுவது எளிது. திரும்பப் பெறுவது அரிது.

தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டு, பொதுப் பயன்பாட்டிற்கு முன் கருவிகளை மதிப்பிட அளவுகோல்களை முன்வைத்தது. அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட இடர் மேலாண்மைச் சட்டகமும் ஆளுகை, அறிதல், அளத்தல், மேலாளுதல் என்னும் நான்கு செயல்களை வகுக்கிறது. இவை பெரிய அமைப்புகளை முன்னிறுத்தி எழுதப்பட்டவையாயினும் அவற்றின் வினாக்கள் சிறுதொழிலுக்கும் உரியவை.

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும், 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் உள்ளன. ஆய்வகத்திற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். வணிகத்தில் ஈட்டிய பொருள் அறிவு நிறுவனங்களாக மாறிய இம்மண்ணில், பல்கலைக்கழக மாணவர்கள் அண்டை ஊர்ப் பட்டறைகளின் செய்முறைக் குறிப்பேடுகளை வடிவமைத்தல், வட்டாரச் சொல்லகராதி தொகுத்தல் ஆகியவற்றை ஆய்வுப் பணியாக மேற்கொள்ளலாம். தனிப் பட்டறையால் தாங்கவியலாத இம்முயற்சி பலர் கூடினால் இயலும்.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவை ஏற்பதற்கான ஆயத்தம் பெரும்பாலும் கருவிக்கு வெளியே நிகழ்வது என்பது மேற்கண்ட ஆய்வால் புலனாகிறது. செய்முறையைப் பதிவு செய்தல், கருவியைப் படிப்படியாகச் சோதித்தல், அதன் அதிகாரத்தை எழுதி வரையறுத்தல், தணிக்கையையும் வெளியேறும் வழியையும் முன்னரே அமைத்தல், தாங்கத்தக்க இழப்பை வகுத்தல் என்னும் வரிசையில் அது அமைய வேண்டும். முதல் நான்கையும் நகரத்தார் முகவர் முறை கற்பிக்கிறது. ஐந்தாவதை அம்முறை பர்மாவில் சந்தித்த இழப்பு கற்பிக்கிறது.

செய்முறை ஏடு இல்லாத பட்டறை, கருவியை வாங்குவதை ஓராண்டு தள்ளிவைத்து ஏட்டைத் தொடங்குவதே ஏற்றது. அவ்வோராண்டின் முடிவில் கருவி வேண்டாம் என்னும் முடிவுக்கு வந்தாலும், உடைவு எப்போது மிகுகிறது, எந்த வேலை நட்டத்தில் முடிகிறது என்பன உரிமையாளருக்குத் தெரிந்திருக்கும்.